பிள்ளைங்கள கேரல் ரவுண்டுக்கு கூட்டிட்டுப் போகப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க

2024 டிசம்பர்ல எங்க ஊருல சின்னப் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாட கேரல் போன கதைய எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருந்தேன், உக்காந்தா கை ஓடல, ஏன்னா அதுல ஒரு ராத்திரிய நெனச்சா இன்னும் வயித்த கலக்குது. ஆனா ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு சன்டே ஸ்கூல் டீச்சர் தலையில "நீயே பாத்துக்கம்மா"ன்னு இத கட்டத்தான் போறாங்க, அவங்களுக்காவது உதவட்டும். எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா 521 வெள்ளியும் (ரிங்கிட்டத்தான் நாங்க வெள்ளிம்போம்), பல ராத்திரி தூக்கமும், சின்ன வயசுலருந்து கூட வந்த ஒரு சிநேகிதியும் மிச்சமாயிருக்கும்.

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, ஆனா இன்னும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கெழவிங்ககிட்ட புதுப் பேர சொன்னா முழிப்பாங்க. சுத்தியும் தோட்டந்தான். நான் பொறந்தது லயத்து வீட்டுல, அதான் தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டுன வீட்டுல, அப்பா மொதல்ல ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு, ரப்பர எடுத்துட்டு செம்பனை (பாமாயில் மரம்) போட்ட பிறகு குலை வெட்டப் போனாரு. அப்பல்லாம் கேரல்னா யாரும் பிளான் பண்ண மாட்டாங்க. டிசம்பர் பொறந்தா போதும், ஒரு மாமா ஆர்மோனியத்த தூக்குவாரு, இன்னொருத்தர் டோலக்கு, காஸ் லைட்ட ஒரு அண்ணன் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு முன்னாடி போவாரு, நாங்க பின்னாடி ஓடுவோம். மொத லயத்துல ஆரம்பிச்சா கடைசி லயம் வரைக்கும் நடந்தே போயிடலாம், பத்து மணிக்கு தோட்டத்து மோட்டர் கரண்டு நின்னாலும் பாட்டு நிக்காது. தோட்டத்து கணக்குப்பிள்ளை, கிராணிம்போம், அவரு வீட்டுல ஓரஞ்சு தண்ணியும் கேக்கும் கெடைக்கும், அதுக்காகவே வர்ற பசங்க இருப்பாங்க. பாதிப் பேரு கோயிலுக்குப் போற வீட்டுப் பசங்கதான். மார்கழி பொறந்துட்டா விடியக்காலையில பஜனை, ராத்திரி கேரல், ரெண்டுலயும் அதே மூஞ்சிங்க, காலையில சக்கரைப் பொங்கல் ராத்திரி கேக்குன்னு சுத்துவோம். எந்த அம்மாவும் பிள்ளை எங்கன்னு கேட்டதில்ல, ஏன்னா எங்க போனாலும் அது நம்ம தோட்டத்துக்குள்ளதான்.

இந்த கடைசி வரிதான் முக்கியம், அத நான் மறந்துட்டுத்தான் இந்த வேலையில எறங்குனேன். இப்ப அந்த லயத்து ஜனம் ஆறு தாமானுக்கு, அதான் குடியிருப்புப் பகுதிக்கு, செதறிப் போச்சு. பழைய லயத்துல பங்களாதேஷிங்களும் இந்தோனேசியாக்காரங்களும் இருக்காங்க. எங்க சபையில கேரல் கேட்டு பேரு கொடுத்தது 31 வீடு, ஆனா ஒரு தெருவுல மூனு வீட்டுக்கு மேல சேந்தாப்ல கெடையாது. 2020லயும் 21லயும் கோவிட்டால எதுவும் நடக்கல, அதுக்கப்புறம் பெரியவங்க மட்டும் ரெண்டு காடியில (காருதான்) போய் ரெண்டு பாட்டு பாடி ஜெபம் பண்ணிட்டு வந்துக்கிட்டிருந்தாங்க. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க வரும், போன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கும்"னு சொல்லுவாங்க. சுத்தப் பொய்ங்க. நான் ஒரு ஞாயித்துக்கிழம அறிவிச்சேன், 19 பேரு வந்து நின்னுச்சுங்க, ஆறு வயசுலருந்து பதினாலு வரைக்கும், அதுல நாலு பேரு இந்துப் பிள்ளைங்க, பக்கத்து வீட்டுக் கூட்டாளிங்களோட வந்ததுங்க. வராம இருந்தது பிள்ளைங்க இல்ல, கூட்டிட்டுப் போக ஆளுதான்.

அந்த நாலு பேரு வீட்டுக்கும் நானே நேர்ல போனேன், இது ஒன்னுதான் மொத்தத்துல நான் உருப்படியா செஞ்சது. ஒரு அப்பா சொன்னாரு, "பாடட்டும் டீச்சர், நானும் சின்னதுல ஓடுனவன்தான், ஜெபம் பண்றப்ப மட்டும் கட்டாயப்படுத்தாதீங்க." சரிண்ணேன்னுட்டு வந்தேன். நீங்களும் போய்க் கேட்டுருங்க, வாட்சப்புல கேக்காதீங்க. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்டயும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கங்க, எந்தெந்த தேதி, எத்தன மணிக்குத் திரும்புவோம், என்ன சாப்பிடக்கூடாது, அவசரத்துக்கு எந்த நம்பர்னு. நான் அத வாங்கல. எல்லாம் நம்ம ஜனம்தானேன்னு விட்டுட்டேன்.

தேதி போடறதே பெரிய பாடா போச்சு. எங்க காலத்துல நவம்பர் நடுவுலயே ஸ்கூல் லீவு விட்டுடும், டிசம்பர் முழுக்க நம்முளுது. கோவிட்டுக்குப் பிறகு ஸ்கூல் காலண்டரே மாறி, 2024ல டிசம்பர் 20 வரைக்கும் ஸ்கூல் நடந்துச்சு. ஞாயித்துக்கிழம ராத்திரி கூப்பிட்டா மறுநாள் ஸ்கூல்னு அம்மாங்க விட மாட்டாங்க. கடைசியில 14 சனி, 21 சனி, 22 ஞாயிறுன்னு மூனே ராத்திரி கெடைச்சுது, 31 வீட்டுக்கு. அன்னிக்கே வீட்ட கொறைச்சிருக்கணும். யாரு வீட்ட கொறைக்கிறது, கொறைச்சா அவங்க ஈஸ்டர் வரைக்கும் பேச மாட்டாங்க!

பாட்டு கத்துக்கொடுக்கறதுல ஒரு விஷயம் சொல்லிடறேன். தமிழ் ஸ்கூல் பிள்ளைங்க தமிழ்ல படிச்சிடும், மலாய் ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களுக்கு எழுத்தே தெரியாது, இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சுக் குடுத்தா "ழ"வும் வராது "ள"வும் வராது, கேக்கறவங்க சிரிப்பாங்க. நான் எட்டு பாட்டு அடிச்சுக் குடுத்து 38 வெள்ளி பிரிண்டுக்குப் போனதுதான் மிச்சம், ராத்திரி இருட்டுல எந்தப் பிள்ளையும் பேப்பர பாக்கல. மூனு பாட்டு போதும், மனப்பாடமா. ரெண்டு தமிழு, ஒன்னு பிள்ளைங்களுக்குப் புடிச்ச இங்கிலீஷ் பாட்டு. ஆர்மோனியம் வாசிக்கிற மாமால்லாம் போய்ச் சேந்துட்டாங்க, இப்ப போன்ல டிராக்க போட்டு பாடறாங்க, எனக்கு அது புடிக்கலதான், ஆனா டோலக்கு அடிக்க ஒரு பையன் வந்தான், அவன் உறுமி மேளக் குழுவுல அடிக்கிறவன், அவன் அடிச்ச அடியில ரெண்டு பாட்டு தைப்பூசம் மாதிரி ஆயிடுச்சு, ஆனா பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது.

பெர்மிட்டு வேணுமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. 2011ல கிள்ளான் பக்கம் கேரல் போறவங்க பேரு விவரமெல்லாம் போலிஸ்ல குடுக்கணும்னு கேட்டதா பேப்பர்ல வந்து பெரிய சத்தமாச்சு, அப்ப பிரதமரா இருந்த நஜிப்பே அந்த மாதிரி பெர்மிட்டெல்லாம் வேணாம்னு சொன்னாரு. பிறகு வந்த 2012 அமைதிப் பேரணிச் சட்டத்துலயும் மதக் கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கத் தேவையில்லன்னு இருக்கு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முஸ்லிம்கள்கிட்ட மத்த மதத்த பரப்பக்கூடாதுன்னு சிலாங்கூர்ல 1988லருந்தே சட்டம் இருக்கு. நான் பாட்டுக்கு ஸ்பீக்கர தூக்கிட்டு தெருவுல நின்னு பாடலாம்னு ஆசையா இருந்தேன், சபையில ஒரு பெரியவர்தான் "யம்மா, இது தோட்டம் இல்ல, ஒட்டுன வீடு, அடுத்த வீடு மலாய்க்காரவங்க, ஹாலுக்குள்ள போயி பாடு, ஸ்பீக்கர் வேணாம்"னு சொல்லி நிறுத்துனாரு. சரியான பேச்சு. கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போங்க, வழியில எந்தப் பிள்ளைக்கும் துண்டுப் பேப்பர் அது இதுன்னு குடுக்காதீங்க. எங்களுக்கு வந்த ஒரே புகாரு பாட்டுக்கு இல்ல, ஒரு மலாய்க்கார அபாங் (அண்ணன்) வீட்டு கேட்ட அடைச்சு காடிய நிறுத்திட்டோம், அவரு வேலைக்குப் போகணும்னு அஞ்சு நிமிஷமா நின்னுக்கிட்டிருந்தாரு பாவம்.

இப்ப காடி கதைக்கு வர்றேன். ஸ்கூல் வேன் ஒன்ன மூனு ராத்திரிக்கும் பேசி 250 வெள்ளி முன்பணம் குடுத்தேன், ரசீது வாங்கல, வாயால பேசுனதுதான். 14ஆம் தேதி சாயந்திரம் அஞ்சு மணிக்கு போன் வருது, "டீச்சர், சொந்தத்துல கல்யாணம், வேன் அங்க போயிடுச்சு." ரெண்டு நாள்ல மார்கழி பொறக்குது, கார்த்திகையோட கடைசி சனிக்கிழம, ஊருல இருக்கற எல்லா வேனும் கல்யாணத்துக்குத்தான் ஓடும்னு எனக்குத் தோணியிருக்கணும், தமிழச்சியா பொறந்து மாசம் தெரியாம இருந்தா இப்படித்தான். முன்பணத்த கேட்டா அடுத்த வாரம்னாரு, அப்புறம் போனே எடுக்கல, 250 போனது போனதுதான். அந்த அவசரத்துல மூனு பேரோட காடிய கெஞ்சி வாங்குனேன், என் காடியும் சேத்து நாலு, அப்பகூட நெருக்கி அடைச்சுத்தான் பிள்ளைங்கள ஏத்துனோம், அதுவும் தப்புதான்.

மொத ராத்திரி பத்து வீடு திட்டம். ஒரு வீட்டுக்கு பதினஞ்சு நிமிஷம்னு கணக்கு. கணக்கு போட்டது நானு, கேக் வெட்டறது வீட்டுக்கார அக்கா. எந்த வீட்டுலயும் சும்மா விட மாட்டேங்கறாங்க, முறுக்கு, நெய் உருண்டை, பிஸ்கட்டு, கலர் தண்ணி, ஒரு வீட்டுல பிரியாணியே போட்டுட்டாங்க. மூனாவது வீட்டுல ஒரு பிள்ளை வாந்தி, நாலாவதுலருந்து எல்லாத்துக்கும் பாத்ரூம். அடுத்த தடவ போறவங்க முன்கூட்டியே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க, ரெண்டு பாட்டு, ஒரு ஜெபம், திங்கறத பாக்கெட்டுல கட்டிக் குடுத்துடுங்கன்னு, கடைசி வீட்டுல மட்டும் சாப்பாடு. ஆறாவது வீடு முடிக்கறப்ப மணி பத்தேகால். முந்தின நாள்தான் கார்த்திகை தீபம், தெருவுல சில வாசல்ல அன்னிக்கும் விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, நல்லா இருக்கேன்னு பாத்துக்கிட்டே காடிய எடுத்தேன்.

ஏழாவது வீடு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வேற தாமான்ல. எறங்கி வரிசையா நிக்க வச்சா ஒரு பொண்ணு கேக்குது, "டீச்சர், தம்பி எங்க?" ஏழு வயசுப் பையன். அவ நெனச்சா தம்பி என் காடியிலன்னு, நான் நெனச்சேன் அக்காவோட இருப்பான்னு, மூனாவது காடி அண்ணன் நெனச்சாரு நாலாவதுலன்னு. எண்ணிப் பாத்தேன், 18. மறுபடி எண்ணுனேன், 18. அப்ப என் காது அடைச்சுக்கிச்சு. ஆறாவது வீட்டுக்கு போன் போட்டா மணி அடிக்குது, யாரும் எடுக்கல, அது வயசான ரெண்டு பேரு இருக்கற வீடு. வண்டிய எப்படி ஓட்டுனேன்னு எனக்குத் தெரியாது, வழியில ஒரு லோரி ஹார்ன் அடிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு, பெரிய வாய்க்கால் ஒன்னு அந்த தாமான் ஓரமா ஓடுது, அது ஒன்னுதான் கண்ணுல நின்னுச்சு.

பையன் அங்கதான் இருந்தான். பின்னாடி பாத்ரூமுக்குப் போயிருக்கான், நாங்க கெளம்பறோம்னு தாத்தாவும் பாட்டியும் வாசலுக்கு வந்து கைய ஆட்டிட்டு கிரில்ல பூட்டிட்டாங்க, இவன் வெளிய வந்து பாத்தா ஹால்ல யாரும் இல்ல. சமையக்கட்டு மூலையில உக்காந்து அழுதிருக்கான், தாத்தாவுக்கு காது மந்தம், பாட்டிதான் தண்ணி குடிக்க வந்தப்ப பாத்திருக்காங்க, போன் ரூம்ல சார்ஜுல கெடந்திருக்கு. நாங்க போறப்ப தாத்தா பக்கத்துல உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டே முறுக்கு தின்னுக்கிட்டிருந்தான், வேற யாரோட கைலியோ கட்டிக்கிட்டு, கால்சட்டை நனஞ்சு போச்சாம். மொத்தம் 25 நிமிஷம். அவன் அம்மா என் ஸ்கூல் சிநேகிதி, வாடி போடின்னு பேசறவ. நடந்தத நானே அவ வாசல்ல நின்னு சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. "நீ இருக்கேன்னுதானே அனுப்புனேன்"னு மட்டும் சொல்லிட்டு ரெண்டு பிள்ளைங்களையும் உள்ள கூட்டிட்டுப் போயி கதவ சாத்திட்டா. அதுக்கப்புறம் அவ பிள்ளைங்க வரல, அவளும் சபையில என்னப் பாத்தா தூரத்துலருந்தே தலைய ஆட்டிட்டுப் போயிடறா.

அந்த ராத்திரி அதோட முடிச்சோம், 22 வரைக்கும் நான் சரியா தூங்கல. ரெண்டாவது ராத்திரிக்கு முன்னாடி உக்காந்து ஒரு முறை போட்டேன், இத அப்படியே எடுத்துக்கங்க. எந்தப் பிள்ளை எந்தக் காடின்னு பேரு எழுதி டேஷ்போர்டுல ஒட்டியாச்சு, மூனு நாளும் மாத்தக்கூடாது. வீட்ட விட்டு கெளம்பறப்ப ஓட்டறவரு பேர வாசிக்கணும், பிள்ளை தன் வாயால "இருக்கேன்"னு சொல்லணும், அக்கா சொல்லக்கூடாது, கூட்டாளி சொல்லக்கூடாது. தலைய எண்ணறத நம்பாதீங்க, அந்த வீட்டுப் பிள்ளை ஒன்னு நடுவுல நின்னா கணக்கு சரியா வந்துடும். பாடாத பெரியவங்க ஒருத்தர் கடைசி ஆளு, அவரு பாத்ரூம், பின்கட்டு, மாடிப்படி பாத்துட்டு "முடிஞ்சுது"ன்னு சொன்ன பிறகுதான் காடி நகரும். ஒவ்வொரு பிள்ளை கையிலயும் நாடாவுல அம்மாவோட போன் நம்பர எழுதிக் கட்டியாச்சு. அந்த ரெண்டு ராத்திரியும் ஒன்னும் ஆகல. 21ஆம் தேதி நல்ல மழை, குடை பத்தல, பிள்ளைங்க நனஞ்சுதுங்க, கிறிஸ்மஸ் தாத்தா உடுப்பு போட்ட பையனோட பஞ்சு தாடி கரைஞ்சு வாயில ஒட்டிக்கிச்சு, பரவால்ல, எல்லாரும் இருந்தாங்க, அது போதும் எனக்கு.

காசு விஷயம் வேற மாதிரி அடிச்சுது. மூனு ராத்திரியும் சேத்து காணிக்கை டின்ல 1,065 வெள்ளி வந்துச்சு. நான் அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நடுராத்திரியில தனியா எண்ணுனேன். மூனு வீட்டுல ரொக்கம் இல்லன்னு கியூஆர் கேட்டாங்க, என் சொந்த ஈவாலட்ட நீட்டிட்டேன், அந்தக் காச மறுநாள் பேங்குல எடுத்து டின்ல போட்டேன், யாரு பாத்தா? கமிட்டி கூட்டத்துல ஒருத்தர் எல்லாரு முன்னாடியும் கேட்டாரு, "25 வீட்டுக்குப் போயிருக்கீங்க, இவ்ளோதானா?" குரல் ஒன்னும் ஒசரல, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா என்கிட்ட காட்ட ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்ல. என் பக்கம் செலவு எவ்ளோன்னு அப்பதான் கூட்டிப் பாத்தேன். வேன் 250, பெட்ரோல் 90, தண்ணி, பிஸ்கட்டு 64, பிரிண்டு 38, தொப்பி 114, பிள்ளைங்களுக்கு பரிசு 285, தாத்தா உடுப்பு வாடகை 80, ஆக 921. நாலு மாசம் கழிச்சு கமிட்டி 400 குடுத்தாங்க, மிச்சத்துக்கு பில்லு இல்ல. அதனால, டின்ன ஒட்டி சீல் வைங்க, கடைசி வீட்டுலயே ரெண்டு பேரு சேந்து எண்ணி, எழுதி, கையெழுத்து போட்டு, அங்கயே போட்டோ புடிச்சு குரூப்புல போட்டுடுங்க. கியூஆர் கேட்டா சபை அக்கவுண்டோடது மட்டும். செலவுக்கு எவ்ளோ தருவாங்கன்னு நவம்பர்லயே கேட்டு எழுதி வாங்கிடுங்க, பிறகு கேட்டா ஊழியத்துக்கு கணக்கு பாக்கறியான்னு நம்ம மேலயே திரும்பும்.

பிள்ளைங்க பாடறத எல்லாரும் வீடியோ புடிச்சாங்க, ஒரு பெரிய பையன் அத டிக்டாக்குல போட்டுட்டான், வீட்டு நம்பரும் காடி நம்பரும் பளிச்சுன்னு தெரியுது. அழிக்கச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. முன்னாடியே சொல்லிடுங்க, போன் காடியில இருக்கணும்னு.

ஆறு வீட்டுக்கு போக முடியல. அஞ்சு பேருக்கு போன்ல மன்னிப்பு கேட்டேன். ஆறாவது, தோட்டத்துல லயத்துல இன்னும் இருக்கற ஒரே நம்ம பாட்டி. மவன் தோட்டத்து மில்லுல லோரி ஓட்டறதால வீட்ட விடல. 14ஆம் தேதி பத்து வீட்டுல அவங்களுதும் ஒன்னு, பதினோரு மணி வரைக்கும் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். 24 மத்தியானம் நாலே நாலு பிள்ளைங்கள மட்டும் என் காடியில ஏத்திக்கிட்டுப் போனேன். அச்சு முறுக்கு டின்னு முழுக்க வச்சிருந்தாங்க. பிள்ளைங்க மூனு பாட்டும் பாடி முடிச்சதும் "இது புது ராகம்"னு சொல்லிட்டு பாட்டியே பழைய ராகத்துல ஒரு கீர்த்தனைய ஆரம்பிச்சாங்க, பல்லு இல்லாததால பாதி வார்த்த காத்தா போகுது, டோலக்கு பையன் மட்டும் மெதுவா தொடையில தட்டி தாளம் போட்டான். பக்கத்து லயத்து பங்களாதேஷி ஒருத்தன் சைக்கிள நிறுத்திட்டு கேட்டுக்கிட்டு நின்னான்.

கெளம்பறப்ப பாட்டி காடி வரைக்கும் வந்து ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாத்தாங்க. கதை அவங்க வரைக்கும் போயிருக்கு போல. ஒவ்வொருத்தன் தலையா தொட்டு "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு"ன்னு எண்ணிட்டு, "சரியா இருக்குடி, இப்ப ஓட்டு"ன்னாங்க. நான் அப்பவும் பேர வாசிச்சிட்டுத்தான் எடுத்தேன்.